ஔலியில் பனி விழுந்தாச்சா?

மார்கழி விடியற்காலையில் வாசலில் கோலம் போடும்போது தலையில் இறங்குகிறதே, அதற்குப் பேர் பனி. ஜனவரியில் ஊட்டி புல்வெளி மேல் உப்பு தூவின மாதிரி வெள்ளையாக உறைந்து கிடக்கிறதே, அதற்கும் பேர் பனி. இமயமலையில் இடுப்பளவுக்குக் கொட்டிக் கிடப்பதற்கும் அதே பேர்தான். மூன்று சங்கதிக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டோம். அதனால் பெரிய நஷ்டமும் இல்லை. "இந்த வருஷம் பனி விழவில்லையே, வட்டியை எப்படிக் கட்டுவது?" என்று தமிழ்நாட்டில் யாரும் புலம்புவதில்லை.

அப்படிப் புலம்புகிற ஊர் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. பேர் ஔலி.

ஸ்கீயிங் என்றதும் சுவிட்சர்லாந்தும், முதுகில் துப்பாக்கியோடு பனியில் சறுக்கி வரும் ஜேம்ஸ்பாண்டும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நம்ம சினிமாவில் ஹீரோ ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார், ஹீரோயின் மட்டும் மெல்லிசு சேலையில் நடுங்காமல் ஆடுவார். அதைத் தாண்டி பனியைப் பற்றி யோசிக்க நமக்கு அவசியம் வந்ததில்லை. ஆனால் ஒரு சின்ன மலை ஊரின் வரவு செலவு முழுக்க வானத்திலிருந்து விழுகிற ஒரு சரக்கை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பது காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ரொம்ப சுவாரசியமான கேள்வி. வாங்க, பார்க்கலாம்.

எங்கே இருக்கு இந்த ஊர்?

உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டம். பத்ரிநாத் யாத்திரை போய்வந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரிஷிகேஷிலிருந்து கங்கையோடும் அலகநந்தாவோடும் வளைந்து வளைந்து போய், ஜோஷிமட் என்ற ஊரில் தங்கிவிட்டுத்தான் பத்ரிநாத் ஏறியிருப்பார்கள். ஆதிசங்கரர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். அங்கே உள்ள நரசிம்மர் கோயில்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவப் பெரியவர்கள் சொல்வார்கள். 108 திவ்யதேசக் கணக்கில் அதுவும் ஒன்று. 2024ல் அந்தத் தாலுகாவுக்கு ஜோதிர்மட் என்று அரசு பெயர் மாற்றியது. ஆனாலும் ஜனங்கள் வாயில் ஜோஷிமட்தான்.

ஜோஷிமட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம். அதற்கு நேர் மேலே, சுமார் 2,500 மீட்டரிலிருந்து 3,050 மீட்டர் வரைக்கும் பரவிக் கிடக்கும் சரிவுகள்தான் ஔலி. ஓக், தேவதாரு மரங்களுக்கு நடுவே புல்வெளி. எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி. வெயில் காலத்தில் ஆடு மாடு மேயும். குளிர்காலத்தில் அதே புல்வெளி ஸ்கீ மைதானம்.

இதில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. பத்ரிநாத் கோயில் நவம்பர் வாக்கில் நடை சாத்தினால் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம்தான் திறப்பார்கள். யாத்திரைக் கூட்டம் நின்றுபோகிற அந்த மாதங்களில்தான் ஔலிக்குப் பனிக் கூட்டம் வரும். ஆறு மாசம் பெருமாள் படியளப்பார், மீதியில் கொஞ்சம் பனி படியளக்கும். இரண்டில் ஒன்று தவறினால்தான் பிரச்சினை.

ரிசார்ட் ரொம்பச் சின்னது சார்

ஆல்ப்ஸ் மலை ரிசார்ட் மாதிரி நூறு லிஃப்ட், இருநூறு பாதை என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் நடத்தும் 800 மீட்டர் சேர் லிஃப்ட் ஒன்று. ஜோஷிமட்டிலிருந்து மேலே போக 10 டவர்களோடு சுமார் 4 கி.மீ. நீளத்தில் ஒரு ரோப்வே. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பந்தயச் சரிவு ஒன்று. கற்றுக்குட்டிகளுக்குக் கொஞ்சம் சாய்வான இடங்கள். பக்கத்திலேயே இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம். 1970களிலிருந்து ஜவான்கள் அங்கே சறுக்கப் பழகுகிறார்கள். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் டேராடூனிலும் ஔலியிலும் நடந்தன. ஔலியின் சரித்திரத்தில் அதுதான் பெரிய திருவிழா.

மத்தபடி ஸ்கீ வாடகைக்கு விடுகிற கடைகள், சறுக்கக் கற்றுக்கொடுக்கும் உள்ளூர்ப் பையன்கள், கோவேறு கழுதைக்காரர்கள், ஜீப் டிரைவர்கள், ஆவி பறக்க மேகி போட்டுத் தரும் தள்ளுவண்டிகள், சின்னச் சின்ன ஹோட்டல்கள். இவ்வளவுதான் பொருளாதாரம்.

நல்ல பனி, கெட்ட பனி

பனி விழுந்துவிட்டால் மட்டும் போதாது. எந்த மாதிரிப் பனி என்பதில் இருக்கிறது விஷயம்.

புதிதாக விழுந்த பனி டால்கம் பவுடர் மாதிரி இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. கைதேர்ந்தவர்களுக்கு அது சொர்க்கம், புதியவர்களுக்கு முழங்கால் வரை மாட்டிக்கொள்ளும் வம்பு. அதனால் மெஷின் ஓட்டி அதை அழுத்தி, ரோடு ரோலர் போட்ட மாதிரி சமப்படுத்துவார்கள். அழுத்திய பனியில்தான் ஸ்கீ சீராக ஓடும்.

அப்புறம் நாள் முழுக்க அது மாறிக்கொண்டே இருக்கும். ராத்திரி உறைந்ததால் காலையில் கண்ணாடி மாதிரி கெட்டி. விழுந்தால் முட்டி பேர்ந்துவிடும். வெயில் ஏற ஏற மேல்பரப்பு லேசாக இளகும். முற்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் அருமையாக இருக்கும். மதியத்துக்கு மேல் ஐஸ் கோலா மாதிரி சொதசொதவென்று ஆகிவிடும். மறுபடி ராத்திரி உறையும். இப்படி நாலைந்து நாள் ஆகிவிட்டால், புதுப் பனி விழுந்தால்தான் பழைய சுகம் திரும்பும்.

ஔலிக்கு இதில் கூடுதல் சோதனை ஒன்று உண்டு. ஆல்ப்ஸ் மலை இருப்பது சுமார் 46 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஔலி சுமார் 30 டிகிரியில். அதாவது சூரியன் இங்கே இன்னும் செங்குத்தாக அடிக்கும். ஐரோப்பாவில் 1,500 மீட்டரில் நிற்கிற பனி இங்கே நிற்காது. அதனால்தான் 2,500 மீட்டருக்கு மேலே போக வேண்டியிருக்கிறது. சரிவுகள் பெரும்பாலும் வடக்கு பார்த்து இருப்பதும், மரங்கள் நிழல் கொடுப்பதும்தான் ஔலியைக் காப்பாற்றுகின்றன.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சுமார் 6.5 டிகிரி குளிரும் என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படியானால் காற்று 2 டிகிரி சூடானால், முன்பு இருந்த அதே குளிர் கிடைக்க சுமார் 300 மீட்டர் மேலே ஏற வேண்டும். ஔலியின் அடி முதல் நுனி வரை உயரமே 550 மீட்டர்தான். ரெண்டே டிகிரியில் ரிசார்ட்டின் பாதி கையை விட்டுப் போகிறது.

பனியை யார் அனுப்புவது?

நமக்கு வடகிழக்குப் பருவமழை மாதிரி, அவர்களுக்கு ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் பேப்பரில் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்று எழுதுவார்கள். மத்திய தரைக்கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள், உயரத்தில் ஓடும் மேலைக்காற்றைப் பிடித்துக்கொண்டு ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் மோதும். மோதின இடத்தில் உயரமான பகுதிக்குப் பனி, கீழே பஞ்சாப் கோதுமைக்கு மழை.

முதல் பந்தி காஷ்மீருக்கு. மிச்சம் மீதி கிழக்கே வந்து கர்வாலுக்கு. டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் இவை வரிசையாக வர வேண்டும். சில வருஷம் வரிசை கட்டி வரும். சில வருஷம் டிசம்பர் பூரா நீல வானம்தான்.

2024 ஜனவரி அப்படி ஒரு மாதம். வடமேற்கு இந்தியாவில் 1901க்குப் பிறகு இரண்டாவது மிக வறண்ட ஜனவரி அது என்று வானிலைத் துறை சொன்னது. காஷ்மீர் குல்மார்கிலேயே பழுப்புப் புல் தெரிந்தது. ஔலியும் மொட்டையாக நின்றது. மாதம் முடிகிற சமயத்தில்தான் பனி வந்தது. அதற்கு முந்தைய வருஷம், 2023 பிப்ரவரியில், ஔலியில் நடக்க இருந்த பனிச்சறுக்குப் போட்டிகளை பனி போதவில்லை என்று ரத்து செய்ய வேண்டி வந்தது. 2025லும் குல்மார்கில் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் மார்ச்சுக்குத் தள்ளிப் போயின.

கல்யாண மண்டபம் புக் பண்ணி, பத்திரிகை அடித்து, சொந்தக்காரர்கள் வந்து இறங்கின பிறகு மாப்பிள்ளை வரவில்லை என்றால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

மெஷின் இருக்கே, பிறகென்ன?

சரி, செயற்கைப் பனி செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம். ஔலியில் அதற்கென்றே மலை மேல் ஒரு செயற்கை ஏரி இருக்கிறது. 2011 போட்டிகளையொட்டி பனி பீய்ச்சும் கருவிகளும் வந்தன.

வேலை செய்கிற விதம் எளிது. தண்ணீரையும் அழுத்தமான காற்றையும் சேர்த்துப் பொடிப்பொடித் துளிகளாகப் பீய்ச்ச வேண்டும். தரையில் விழுவதற்குள் துளி உறைந்துவிட வேண்டும். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? வெளியே கசிகிற ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இதே தத்துவம்தான் இங்கேயும். காற்று உலர்ந்திருந்தால் துளி வேகமாக ஆவியாகி, இன்னும் குளிர்ந்து உறையும். அதனால் சைபர் டிகிரிக்கு ஒரு டிகிரி மேலே இருந்தால்கூட, காற்று நன்றாக உலர்ந்திருந்தால் பனி செய்யலாம். ஈரப்பதம் அதிகமாக இருந்தால் மைனஸில்கூட சரியாக வராது.

ஆக, மெஷினுக்கும் குளிர் வேண்டும். வானம் காலை வாருகிற வருஷத்தில் பகல் சூடு அதிகம் என்றால், மெஷின் ஓடக்கூடிய மணி நேரங்களும் குறைந்துவிடும். 2023ல் போட்டி ரத்தானதும் இந்தக் கருவிகள் அங்கே இருக்கும்போதுதான்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் தண்ணீரில் ரெண்டிலிருந்து ரெண்டரை கன மீட்டர் பனி கிடைக்கும். 1 கி.மீ. நீளம், 30 மீட்டர் அகலமுள்ள ஒரு சரிவில் 30 செ.மீ. பனி போட வேண்டும் என்றால் 9,000 கன மீட்டர் பனி. அதற்குக் குறைந்தது 36 லட்சம் லிட்டர் தண்ணீர். சென்னையில் தெருத்தெருவாகத் திரியும் 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் 300 லாரி. ஒரே ஒரு பாதைக்கு, ஒரே ஒரு தடவைக்கு!

ஒரு கடைக்காரரின் பேலன்ஸ் ஷீட்

இப்போது பாடத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு ஸ்கீ வாடகைக் கடை ஒன்றைக் கற்பனை செய்வோம். எண்கள் எல்லாம் புரிவதற்காக வைத்துக்கொண்டவை.

6 லட்சம் கடன் வாங்கி 30 செட் ஸ்கீ, பூட்ஸ், கோல் வாங்கியாச்சு. 12 சதவீத வட்டி வருஷத்துக்கு 72,000. கடை வாடகை 60,000. கூடமாட ஒரு ஆளுக்கு சீசன் சம்பளம் 48,000. மொத்தம் 1,80,000. பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் இது போய்க்கொண்டேதான் இருக்கும். இதைத்தான் புத்தகத்தில் நிலைச் செலவு என்று படிக்கிறோம்.

பனி இருக்கும் நாளில் 20 செட் போகிறது, செட்டுக்கு 300 ரூபாய் என்றால் ஒரு நாள் வருமானம் 6,000. அப்படியென்றால் 30 நாள் பனி இருந்தால் கைக்கும் வாய்க்கும் சரி. 60 நாள் இருந்தால் 1,80,000 லாபம். 45 நாள் என்றால் 90,000. 20 நாள்தான் என்றால் 60,000 நஷ்டம். இதில் அசலில் ஒரு ரூபாய்கூட அடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வாரம் பனி தள்ளிப் போவதன் விலை 42,000 ரூபாய். சென்னையில் உட்கார்ந்துகொண்டு "இந்த வருஷம் லேட்டா விழுந்திருக்கு" என்று படிப்பதும், அங்கே அந்தக் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

சாதாரண வியாபாரத்தில் விற்காத சரக்கை அடுத்த மாதம் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். விற்காத பனி நாளை அடுத்த மாதம் விற்க முடியாது. பெரிய ரிசார்ட் என்றால் ஒரு கெட்ட வருஷத்தைத் தாங்க நாலு நல்ல வருஷத்தின் கையிருப்பு இருக்கும். சின்ன ரிசார்ட்டுக்கு அதுவும் கிடையாது.

ஆல்ப்ஸில் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சீசனில் 100 நாளாவது 30 செ.மீ. பனி நிற்க வேண்டும், அதுவும் பத்தில் ஏழு வருஷமாவது. 2007ல் ஓ.ஈ.சி.டி. அமைப்பு வெளியிட்ட ஆய்வில் 666 ஆல்ப்ஸ் ஸ்கீ மையங்களில் 609 தேறின. 2 டிகிரி சூடு கூடினால் தேறுவது 404, 4 டிகிரி கூடினால் 202 என்றது அந்த ஆய்வு. பணக்கார ஊர்களின் கதையே அப்படி.

மேலே பனி, கீழே விரிசல்

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். ஔலி தனியாக அந்தரத்தில் தொங்கவில்லை. கீழே ஜோஷிமட் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 16,700 பேர் வாழ்ந்த ஊர்.

அந்த ஊர் நிற்பது கெட்டிப் பாறை மேல் இல்லை, பழைய நிலச்சரிவு கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் மேல். 1976லேயே மிஸ்ரா கமிட்டி இதைச் சொல்லி, கனமான கட்டடம் கட்டாதீர்கள், மரம் வெட்டாதீர்கள், வடிகால் சரி செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. பிறகு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2023 ஜனவரியில் வீடுகள் விரிந்தன. 2022 டிசம்பர் 27லிருந்து 2023 ஜனவரி 8 வரை 12 நாளில் 5.4 செ.மீ. தரை இறங்கியதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 868 கட்டடங்களில் விரிசல் என்று கணக்கெடுத்தார்கள். குடும்பங்கள் ஜனவரிக் குளிரில் பாத்திரம் பண்டத்தோடு முகாமுக்குப் போயின. ஔலி போகும் ரோப்வேயும் அந்த மாதமே நிறுத்தப்பட்டது.

இதில் இருக்கும் முரண்பாட்டைப் பாருங்கள். ரோப்வே நின்றால் மேலே போக சுமார் 15 கி.மீ. மலைச்சாலைதான் வழி. பனி குறைவாக விழுந்தால் சாலை திறந்திருக்கும், ஆனால் சறுக்க முடியாது. பனி நன்றாக விழுந்தால் சறுக்கலாம், ஆனால் சாலை மூடிவிடும், டயருக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு ஜேசிபிக்காகக் காத்திருக்க வேண்டும்!

இந்த இடத்தில்தான் வாதம் சூடாகிறது. "பனி நம்பிக்கையில்லாமல் போய்விட்டது, அதனால் ஔலியை வருஷம் முழுக்க டூரிஸ்ட் வரும் இடமாக ஆக்கிவிடலாம்" என்பது ஒரு கட்சி. வருமானம் பரவலாகும், ஒரு சீசனை நம்பி இருக்க வேண்டாம். காமர்ஸ் பாடப்படி இது சரியான பதில், பரீட்சையில் முழு மார்க் கிடைக்கும். ஆனால் வருஷம் முழுக்க ஆள் வந்தால் ரூம் வேண்டும், ரூமுக்குத் தண்ணீர் வேண்டும், பயன்படுத்திய தண்ணீர் எங்கேயாவது போக வேண்டும். சரியான வடிகால் இல்லாத மலையில் அது மண்ணுக்குள்தான் இறங்கும். கீழே இருக்கும் ஊரின் அஸ்திவாரம் அந்த மண். "அதனால் எதுவுமே வேண்டாம், மூடிவிடுங்கள்" என்பது இன்னொரு கட்சி. சொல்வது சுலபம். பெங்களூரிலோ டெல்லியிலோ சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இன்னும் சுலபம். சின்ன வயசிலிருந்து சறுக்கப் பழகி, அதையே தொழிலாக்கிக்கொண்ட பையன் டேராடூன் போய் செக்யூரிட்டி வேலை பார்க்க வேண்டியதுதானா?

ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. முதல் செலவு வடிகாலுக்கு. அடுத்தது, மேலே போக நம்பகமான ஒரு வழி. புதுக் கட்டடத்துக்குப் பதிலாக ஏற்கெனவே இருக்கும் வீடுகளிலேயே தங்குமிடம். ஸ்கீயை ஊரின் சம்பளமாக நினைக்காமல் போனஸாக நினைத்து, பனி வந்த வருஷம் சம்பாதிப்பதில் ஒரு பங்கை வராத வருஷத்துக்கு ஒதுக்கி வைக்கிற ஏதாவது ஒரு பொது நிதி. விவசாயிக்குப் பயிர்க் காப்பீடு இருக்கும்போது, பனியை நம்பும் ஆளுக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது? அளப்பதும் கஷ்டமில்லை. ஒரு கம்பு நட்டு, 30 செ.மீ. இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும்.

இவையெல்லாம் செய்தாலும் மேற்கிலிருந்து காற்று வராவிட்டால் பனி விழாது, நிஜம்தான். ஆனால் அந்த வருஷம் ஊர் தாக்குப் பிடிக்கும்.

அடுத்த தடவை வீட்டில் யாராவது பத்ரிநாத் கிளம்பினால், ஜோஷிமட்டில் வண்டி நிற்கும்போது ஒரு நிமிஷம் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் பச்சைப் புல்தான் தெரியும். குளிர்காலத்தில் அங்கே பனி விழுந்ததா என்று டீக்கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே, அந்த வருஷக் கணக்கு முடிந்தது லாபத்திலா நஷ்டத்திலா என்று தெரிந்துவிடும் :-)